பிசினஸ் கிளாஸுக்குப் பணம், எகானமியில் பயணம்: ஓர் இழப்பீட்டுக் கோரிக்கையின் முழு விவரம்

விமானப் பயணிகளின் புகார்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து உதவுவது என் வேலையில் ஒரு பகுதி. அப்படி வந்த ஒரு வழக்கை, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர், ஊர், விமான நிறுவனம் எதையும் சொல்லவில்லை. தூரக் கணக்கை ரவுண்டாக மாற்றியிருக்கிறேன்; விகிதம் கெடவில்லை.

பின்னணி

பயணிகள் இரண்டு பேர்: அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, அவருடைய மகள். அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. காலை மடக்கியபடி நெடுநேரம் உட்கார முடியாது. காலை நீட்டிப் படுத்தபடி வர வேண்டும் என்பதற்காகவே இருவருக்கும் பிசினஸ் கிளாஸில் போக வர டிக்கெட் எடுத்திருந்தார்கள். பல மாதங்களுக்கு முன்பே எடுத்ததால் தள்ளுபடிக் கட்டணத்தில் கிடைத்தது. இந்தத் தள்ளுபடி பின்னால் ஒரு பெரிய வாதத்துக்குக் காரணமாகப் போகிறது.

பயணம் ஆசியாவில் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய விமான நிலையத்தில் மாறி, அதே ஒன்றியத்தின் இன்னொரு நகரத்தில் முடியும். திரும்பும்போதும் அதே வழி. ஆக மொத்தம் நான்கு விமானங்கள். நீண்ட தூர விமானம் ஒவ்வொன்றும் சுமார் 7,500 கிலோமீட்டர். குறுகிய தூர விமானம் ஒவ்வொன்றும் சுமார் 800. டிக்கெட்டை எடுத்தது ஓர் இணைய ஏஜென்சி மூலம். டிக்கெட்டை வெளியிட்டது ஒரு நிறுவனம். நீண்ட தூர விமானத்தை ஓட்டியது அதன் கூட்டாளி நிறுவனம். கோட்ஷேர் என்று சொல்கிற ஏற்பாடு.

போகும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. சிக்கல் வந்தது திரும்பி வரும்போது, ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் நீண்ட தூர விமானத்தில்.

கவுண்டரில் நடந்தது

முதல் விமானம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. மாறும் இடத்தில் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்தபோது இயந்திரம் ஏற்கவில்லை. கவுண்டருக்குப் போகச் சொன்னது. அங்கே சொன்ன காரணம் இது: திட்டமிட்டிருந்த விமானத்தில் தொழில்நுட்பக் கோளாறு, அதனால் வேறு ரக விமானம் வருகிறது, அதில் பிசினஸ் இருக்கைகள் குறைவு. மகளுக்கு பிசினஸில் இடம் உண்டு, அம்மாவுக்கு இல்லை. அம்மாவுக்கு எகானமியில், பின்வரிசைகளில், நடு இருக்கை.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி மகள் சொன்னார். இருவருக்கும் பிசினஸில் இடம் வேண்டுமானால் அடுத்த நாள் விமானம்வரை காத்திருக்க வேண்டும், அதிலும் இடம் உறுதியில்லை என்று பதில் வந்தது. ஏற்கெனவே களைத்திருந்த அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே ஓர் இரவு தங்குவதா, கிளம்புவதா என்று யோசித்து, கிளம்புவது என்று முடிவெடுத்தார்கள். அந்தச் சூழ்நிலையில் சரியான முடிவுதான். கிளம்பினால் இழப்பீட்டு உரிமை போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. குறைந்த வகுப்பில் பயணம் செய்தவருக்காகத்தான் இழப்பீட்டு விதியே எழுதப்பட்டிருக்கிறது.

இழப்பீடு பற்றிக் கவுண்டரில் யாரும் பேச்சே எடுக்கவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. விமானப் பயணிகளின் உரிமைகளைச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையின் 14-வது பிரிவு, விமானத்தில் ஏற்ற மறுத்தால், விமானத்தை ரத்து செய்தால், இரண்டு மணி நேரமாவது தாமதமானால், பயணியின் உரிமைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. வகுப்பைக் குறைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பணம் கொடுக்க வேண்டும் என்று 10-வது பிரிவு சொல்கிறது. அதைப் பயணியிடம் சொல்லியாக வேண்டும் என்று எங்கும் இல்லை. உரிமை தெரியாமல் எத்தனை பேர் வீடு திரும்புகிறார்களோ என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கேட்டில் மாறிய இருக்கை

அம்மாவை நடு இருக்கையில் உட்கார வைக்க மகளுக்கு மனம் வரவில்லை. போர்டிங் தொடங்குவதற்கு முன் கேட்டில் இருந்த ஊழியரிடம், என் இடத்தை அம்மாவுக்குக் கொடுங்கள், நான் பின்னால் போகிறேன் என்றார். ஊழியர் இரண்டு பழைய போர்டிங் பாஸ்களிலும் இருக்கை எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டு, புதிதாக இரண்டு அச்சடித்துக் கொடுத்தார். பழையதைக் குப்பைக் கூடையில் போடக் கை நீட்டியவரிடம், அது எனக்கு வேண்டும் என்று மகள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மகள் செய்த இன்னொரு காரியம் இந்த வழக்கின் போக்கையே மாற்றியது. கேட்டில் நின்றபடியே, விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரிக்குக் கைபேசியிலிருந்து நான்கே வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இருவருக்கும் பிசினஸ் டிக்கெட் இருக்கிறது, ஒரே ஓர் இடம்தான் கொடுத்திருக்கிறீர்கள், அம்மாவின் உடல்நிலையால் நான் எகானமிக்குப் போகிறேன், இந்த வகுப்பு மாற்றத்துக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதியதில்லை.

விமானத்தில் சேர்த்த ஆதாரங்கள்

இருக்கை எண் தெரியும்படி ஒரு படம். இருக்கைப் பையில் இருந்த பாதுகாப்பு அட்டையின் படம். அதில் விமான ரகத்தின் பெயர் அச்சாகியிருக்கும், முன்பதிவில் இருந்த ரகம் வேறு என்பது அதிலிருந்தே தெரியும். வீட்டுக்கு வந்ததும் இ-டிக்கெட் ரசீதைப் புதிதாகத் தரவிறக்கி வைத்தார். ஏஜென்சி அனுப்பும் பயண விவரத்தாள் வேறு, இ-டிக்கெட் ரசீது வேறு. ரசீதில்தான் 13 இலக்க டிக்கெட் எண், முன்பதிவு வகுப்பின் எழுத்து, கட்டணக் கணக்கீட்டு வரி (கட்டணம் எப்படி வந்தது என்று காட்டும் ஓர் எழுத்து வரிசை), அரசு வரிகளின் பிரிவு எல்லாம் இருக்கும். இந்த வழக்கில் கடைசிவரை பேச்சு அந்த ரசீதைச் சுற்றியே நடந்தது.

எதைக் கேட்பது என்ற முடிவு

என்னிடம் வந்தபோது மகள் கேட்டது, "எகானமிக்கும் பிசினஸுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பி வாங்கித் தர முடியுமா?" என்று. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். நிறுவனங்களுக்கும் இந்தக் கேள்வியே வசதி.

261/2004-இன் 10-வது பிரிவில் வித்தியாசம் என்ற பேச்சே கிடையாது. விமானத்தை ஓட்டும் நிறுவனம், டிக்கெட் வாங்கிய வகுப்புக்குக் கீழான வகுப்பில் பயணியை அமர்த்தினால், டிக்கெட் விலையில் ஒரு சதவீதத்தை ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். 1,500 கிலோமீட்டர் வரையான விமானத்துக்கு 30 சதவீதம். ஒன்றியத்துக்குள் 1,500-ஐத் தாண்டினாலும், மற்ற வழிகளில் 1,500 முதல் 3,500 வரை இருந்தாலும் 50 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். இந்த விமானம் ஒன்றியத்துக்குள்ளிருந்து கிளம்பியது. அதனால் நிறுவனம் எந்த நாட்டுடையது என்ற கேள்வியே வராது. இதே வகுப்புக் குறைப்பு போகும்போது, அதாவது ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும்போது நடந்திருந்தால், ஓட்டியது ஒன்றியத்து நிறுவனமாக இருந்தால் மட்டுமே இந்த விதி பொருந்தியிருக்கும்.

தொழில்நுட்பக் கோளாறு என்று கவுண்டரில் சொன்னதையும் யோசித்தோம். அசாதாரணச் சூழ்நிலை என்று காட்டி நிறுவனம் தப்பித்துக்கொள்ள இடம் கொடுப்பது 5-வது பிரிவு. அது ரத்துக்கான இழப்பீட்டைப் பற்றியது. 10-வது பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை. காரணம் எதுவாக இருந்தாலும், வாங்கிய பணத்துக்குரிய வகுப்பைக் கொடுக்கவில்லை என்றால் திருப்பித் தந்தாக வேண்டும். அதனால் கோளாறு உண்மையா, இல்லையா என்று துருவுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கடிதத்தில் விமான மாற்றத்தைப் பற்றி ஒரே ஒரு வரி.

கோரிக்கை மகளின் பெயரில். ஏனென்றால் எகானமியில் பறந்தவர் அவர்.

முதல் கடிதமும் வவுச்சரும்

கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்பதிலேயே சுற்றல் தொடங்கியது. ஏஜென்சி, டிக்கெட் வெளியிட்ட நிறுவனத்தைக் கேளுங்கள் என்றது. வெளியிட்ட நிறுவனம், பணம் ஏஜென்சிக்குத்தானே கொடுத்தீர்கள், அவர்களைக் கேளுங்கள் என்றது. இந்த விதியின் கீழ் பொறுப்பு விமானத்தை ஓட்டிய நிறுவனத்துக்கு. அதனால் மற்ற இருவரோடும் வாதம் செய்வதை நிறுத்திவிட்டு, ஓட்டிய நிறுவனத்துக்கு மட்டும் எழுதினோம். டிக்கெட் எண், விமான எண், தேதி, வாங்கிய வகுப்பு, அமர்த்திய வகுப்பு, 10-வது பிரிவு, 75 சதவீதம், வங்கிக் கணக்கு. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

பதில் அன்பாக வந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு பயண வவுச்சர், ஏற்றுக்கொள்ள இந்தப் பொத்தானை அழுத்துங்கள். வவுச்சரின் மதிப்பு சின்னது. கீழே சிறிய எழுத்தில், இதை ஏற்பது முழுமையான, இறுதியான தீர்வாகும் என்று இருந்தது.

மகள் அழுத்தவில்லை. பணத்துக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கப் பயணியின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும் என்று 7-வது பிரிவின் மூன்றாவது பத்தி சொல்கிறது; 10-வது பிரிவும் அந்தப் பத்தியைத்தான் காட்டுகிறது. இதைச் சொல்லி மறுத்து எழுதினோம். ஏற்கெனவே அழுத்திவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: உரிமைகளைச் சரியாகத் தெரிவிக்காததால் ஒரு பயணி குறைவான இழப்பீட்டுக்குச் சம்மதித்திருந்தால், மீதிக்காக நீதிமன்றம் போகலாம் என்கிறது 15-வது பிரிவு. ஆனால் அது நெடிய வழி. அழுத்தாமல் இருப்பது சுலபம்.

கட்டண வித்தியாசம் என்ற கணக்கு

இரண்டாவது பதில்தான் எனக்கு அதிகம் பழக்கமான பதில். உங்கள் டிக்கெட்டின் கட்டணத்துக்கும் பயண நாளன்று எகானமியில் பொருந்தும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டோம், திருப்பித் தர வேண்டிய தொகை இது என்று ஓர் எண். அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத தொகை.

பிசினஸுக்கும் எகானமிக்கும் இவ்வளவுதான் வித்தியாசமா என்று மகள் திகைத்துப் போனார். அந்த எண் வந்த விதம் இது. விமானக் கட்டணம் வகுப்புக்கு ஒன்று என்று இருப்பதில்லை. ஒரே எகானமிக்குள் பத்துப் பன்னிரண்டு கட்டணப் படிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. மாதக்கணக்கில் முன்பே எடுத்தால் கீழ்ப்படி. பயண நாளன்று எடுத்தால், எந்த நிபந்தனையும் இல்லாத உச்சப்படி. மகளின் டிக்கெட் முன்கூட்டியே எடுத்த பிசினஸ் தள்ளுபடிப் படி. நிறுவனம் அதை ஒப்பிட்டது பயண நாளின் எகானமி உச்சப்படியோடு. அந்த உச்சப்படி சில வழித்தடங்களில் தள்ளுபடி பிசினஸையே தொட்டுவிடும். சில சமயம் தாண்டியும் போகும். அப்போது எகானமியில் அனுப்பியதற்கு நீங்கள்தான் எங்களுக்குப் பாக்கி என்று சொல்லாத குறை.

இங்கே ஒரு பெரிய ஆசை வரும். அதே நாளில் அதே அளவு முன்கூட்டியே எடுத்திருந்தால் எகானமி எவ்வளவு இருந்திருக்கும் என்று தேடி, அந்தக் கணக்கைப் போட்டு, அவர்களோடு மல்லுக்கட்டலாம் என்று தோன்றும். மகள் ஒரு பட்டியலே தயாரித்துக் கொண்டுவந்தார். நேர்த்தியாகச் செய்திருந்தார். அதை அனுப்ப வேண்டாம் என்றேன். அனுப்பினால் வித்தியாசம்தான் அளவுகோல் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும். அப்புறம் எந்தப் படி, எந்த நாள் என்ற வாதத்தில் மாதங்கள் கரையும். பழைய கட்டணங்கள் எல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன, பயணியின் கையில் இல்லை. சட்டம் சதவீதத்தை நிர்ணயித்ததே இந்த ஒப்பீட்டைத் தேவையில்லாமல் ஆக்கத்தான்.

ஆகவே மூன்றாவது கடிதம் இரண்டே பத்தி. 10-வது பிரிவு டிக்கெட் விலையின் சதவீதத்தைக் கேட்கிறது, கட்டண வித்தியாசத்தை அல்ல. ஒப்பந்த நிபந்தனைகளில் வேறு எப்படி எழுதியிருந்தாலும் அது செல்லாது என்று 15-வது பிரிவு சொல்கிறது. 75 சதவீதத்தைக் கணக்கிட்டு, கணக்கீட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

75 சதவீதம் சரி, எதில் 75?

அடுத்த பதிலில் 75 சதவீதத்தை ஏற்றுக்கொண்டார்கள். கூடவே கணக்கீடும் வந்தது: நான்கு விமானங்கள், அதில் ஒன்று; ஆக டிக்கெட் விலையில் நான்கில் ஒரு பங்கு, அதில் 75 சதவீதம். அந்த விலையிலிருந்தும் வரிகள், கூடுதல் கட்டணங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே கழித்திருந்தார்கள்.

போக வர டிக்கெட்டின் முழு விலையில் 75 சதவீதம் கிடைக்கும் என்று நம்பி வருகிறவர்கள் பலர். 2016 ஜூன் 22 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சி-255/15 என்ற வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. வகுப்பு குறைக்கப்பட்ட அந்த ஒரு விமானத்தின் விலையே அடிப்படை. அந்த விமானத்தின் விலை டிக்கெட்டில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை என்றால், அதன் தூரத்தை மொத்தப் பயணத் தூரத்தால் வகுத்து வரும் பங்கை எடுக்க வேண்டும். பங்கு தூரத்தால் வருகிறது, விமானங்களின் எண்ணிக்கையால் அல்ல.

மகளின் டிக்கெட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். மொத்தத் தூரம் 16,600 கிலோமீட்டர். நீண்ட விமானம் 7,500. பங்கு சுமார் 45 சதவீதம். அதில் 75 சதவீதம் என்றால், கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 34. நிறுவனத்தின் கணக்கில் வந்தது 18.75. சின்ன விமானமும் பெரிய விமானமும் ஒரே பங்கு என்று எடுத்துக்கொண்டதால், பயணிக்குச் சேர வேண்டியதில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போயிருந்தது. தூரத்தைப் பெருவட்ட முறையில், அதாவது பூமியின் மேற்பரப்பில் இரு நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியில், அளப்பது இந்த ஒழுங்குமுறைக்குள்ளேயே இருக்கும் முறை, அதையே பயன்படுத்தினோம்.

ரசீதின் கணக்கீட்டு வரியில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனிக் கட்டணம் இருந்தது. வரும் பாதிக்குச் சற்றுக் கூடுதல். அதை அடிப்படையாக வைத்தால் தொகை இன்னும் ஏறும். வாதிட இடம் உண்டு. ஆனால் அந்த வரும் பாதி என்பது இரண்டு விமானங்களைச் சேர்த்த கட்டணம். அந்த ஒரு விமானத்தின் விலை என்று அதைச் சொல்ல முடியாது. நீதிமன்றமே எழுதிக் கொடுத்த சூத்திரம் கையில் இருக்கும்போது, அதிலிருந்து விலகும் வாதத்தை நாமே தொடங்கினால் நிறுவனமும் தன் பங்குக்கு விலகும். தூரச் சூத்திரத்தோடு நின்றோம்.

வரிகளைப் பற்றியும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கட்ட வேண்டும் என்பதோ, எவ்வளவு என்பதோ பயண வகுப்பைப் பொறுத்து மாறாத வரிகளும் கட்டணங்களும் மட்டுமே அடிப்படை விலையிலிருந்து கழியும். விமான நிலையத்தின் பயணி சேவைக் கட்டணம் போன்றவை யாருக்கும் ஒன்றுதான். அவை கழிவது நியாயம். வகுப்பைப் பொறுத்து மாறும் வரிகளும் உண்டு. பிரிட்டனின் விமானப் பயணி வரி அப்படி. பிரான்ஸின் விமான டிக்கெட் ஒருமைப்பாட்டு வரி அப்படி. இந்தியாவின் ஜிஎஸ்டி எகானமிக்கு ஒரு விகிதம், மேல் வகுப்புக்கு வேறு விகிதம். இவற்றைக் கழிக்கக் கூடாது. மகளின் ரசீதில் இப்படிப்பட்ட வரி எதுவும் இல்லை. ஆனால் வரிகளின் வரிசையில் ஒய்க்யூ என்ற குறியோடு ஒரு பெரிய தொகை இருந்தது. அது எந்த அரசுக்கும் போகிற வரி அல்ல. விமான நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணம். எரிபொருள் என்ற பெயரில் தொடங்கி இன்றுவரை தொடர்வது. அதே நிறுவனத்தின் எகானமி டிக்கெட் ஒன்றின் ரசீதை எடுத்து வைத்துப் பார்த்தபோது, ஒய்க்யூ தொகை பிசினஸில் கணிசமாக அதிகம். வகுப்பைப் பொறுத்து மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? இரண்டு ரசீதுகளையும் இணைத்து, இதையும் அடிப்படையில் சேருங்கள் என்று எழுதினோம்.

"தானாக முன்வந்தார்"

இந்தக் கட்டத்தில் கோப்பு வேறு ஒரு அதிகாரியின் கைக்குப் போனது போலிருக்கிறது. வந்த கடிதம் புதிய திசையில் இருந்தது: எங்கள் பதிவின்படி உங்களுக்கு பிசினஸ் இருக்கை ஒதுக்கப்பட்டிருந்தது, கேட்டில் நீங்களாகவே எகானமிக்கு மாறிக்கொண்டீர்கள், எனவே உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அம்மாவோ பிசினஸில்தான் பறந்தார், எனவே அவருக்கும் இல்லை.

இரண்டு பேருக்கு பிசினஸ் டிக்கெட் விற்று, ஒருவரை எகானமியில் உட்கார வைத்து, ஒருவருக்கும் பணம் இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! அறுவைச் சிகிச்சை முடிந்த அம்மாவுக்கு மகள் இடம் விட்டதை நிறுவனம் தன் லாபக் கணக்கில் எழுதிக்கொண்டது.

பதில் தயாராக இருந்தது. பேனாவால் அடித்த பழைய போர்டிங் பாஸ்கள் இரண்டின் படத்தையும் இணைத்தோம். எகானமி இருக்கை முதலில் அம்மாவின் பெயரில் அச்சாகியிருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. கேட்டில் நின்று அனுப்பிய மின்னஞ்சலை, அனுப்பிய நேரத்தோடு இணைத்தோம். அது விமானம் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் சேவையகத்துக்குப் போன மின்னஞ்சல். சம்மதிக்கவில்லை என்ற சொல் அதில் இருக்கிறது. ஒரே முன்பதிவில் இரண்டு பிசினஸ் டிக்கெட்டுக்கு ஓர் இடம் மட்டுமே நிறுவனம் கொடுத்தது. யார் பின்னால் உட்கார்ந்தாலும் கீழ் வகுப்பில் அமர்த்தியது நிறுவனம்தான் என்று எழுதினோம். அதோடு, பதினான்கு நாளுக்குள் தீராவிட்டால் விமானம் கிளம்பிய நாட்டின் அமலாக்க அமைப்பிடம் புகார் போகும், அந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் போவோம் என்று தெரிவித்தோம். ஒவ்வொரு உறுப்பு நாடும் இப்படி ஓர் அமைப்பை நியமித்திருக்க வேண்டும் என்பது 16-வது பிரிவு. கிளம்பிய இடத்திலோ சேர்ந்த இடத்திலோ வழக்குப் போடலாம் என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இலேயே சி-204/08 வழக்கில், ஒன்றியத்துக்குள் பறந்த ஒரு விமானத்தை வைத்துச் சொல்லியிருக்கிறது.

பதினான்கு நாள் அமைதியாகப் போனது. சொன்னபடி புகாரைப் பதிவு செய்தோம்.

முடிவு

அமைப்பு தன் கருத்தைச் சொல்வதற்கு முன்பே நிறுவனம் எழுதியது. தூரச் சூத்திரத்தை ஏற்றார்கள். ஒய்க்யூ தொகையையும் அடிப்படையில் சேர்த்தார்கள். தானாக முன்வந்தார் என்ற பேச்சை எடுக்கவே இல்லை. அதற்கு வருத்தமும் தெரிவிக்கவில்லை. பணம் மகளின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. ஏழு நாளில் தர வேண்டிய பணம் பல மாதம் கழித்து வந்தது. தாமதத்துக்கு வட்டி கேட்டிருந்தோம், கொடுக்கவில்லை. வட்டிக்காக மட்டும் வேறு நாட்டு நீதிமன்றம் போவது கட்டுப்படியாகாது என்று மகள் அதை விட்டுவிட்டார்.

கேட்காமல் விட்டவை

விமானத்தில் ஏற்ற மறுத்தால் கிடைக்கும் 600 யூரோ இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லியிருந்தார். கேட்கவில்லை. அவர்கள் அதே விமானத்தில் ஏறினார்கள், நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏற்ற மறுத்ததாக ஆகாது. பொருந்தாத கோரிக்கை ஒன்றைச் சேர்த்தால், பதில் எழுதுகிறவர் அந்த ஒன்றை மட்டும் மறுத்து, பொருந்தும் கோரிக்கையைத் தொடாமலே கோப்பை மூடிவிடுவார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மன உளைச்சலுக்கும் தனியாகக் கேட்கவில்லை. 12-வது பிரிவு கூடுதல் இழப்பீட்டுக்கு வழியை அடைக்கவில்லை. ஆனால் அதற்கு உள்நாட்டுச் சட்டத்தின்படி தனியாக நிரூபிக்க வேண்டும். மகளுக்கு அதில் விருப்பமில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கணக்கை முதல் கடிதத்திலேயே போட்டுக் கொடுத்துவிடுவேன். தூரம், பங்கு, கழிக்க வேண்டிய வரி, கழிக்கக் கூடாத வரி, கடைசியாக வரும் தொகை. வெறும் 75 சதவீதம் என்று கேட்டால், எதில் என்பதைத் தீர்மானிக்கும் வேலை நிறுவனத்துக்குப் போகிறது.

இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் இடம் இல்லாதபோது குடும்பத்துக்குள் இருக்கை மாற்றிக்கொள்வது இயல்பு. மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு முன், குறைந்த வகுப்பு யார் பெயரில் வந்தது என்பது தெரியும்படி கவுண்டரில் கொடுத்த போர்டிங் பாஸைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மகள் குப்பைக் கூடையிலிருந்து காப்பாற்றியது ஒரு நொடியில் நடந்தது. எல்லோருக்கும் அது தோன்றாது.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைக் கடிதத்துக்கு முன்பே உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் அடிப்படையே மாறும். பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு இதே விதி அந்நாட்டின் சொந்தச் சட்டமாகத் தொடர்கிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ கொண்டுவந்த விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது: உள்நாட்டுப் பயணத்துக்கு 75 சதவீதம், வெளிநாட்டுப் பயணத்துக்கு 1,500 கிலோமீட்டர் வரை 30, 3,500 வரை 50, அதற்கு மேல் 75. ஐரோப்பிய விதியிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு, இங்கே டிக்கெட் விலை என்பது வரிகளையும் சேர்த்தது. அங்கே நாங்கள் ஒய்க்யூவுக்காக நடத்திய வாதம் இங்கே தேவைப்படாது. நிறுவனம் இழுத்தடித்தால் மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. அமெரிக்க விதிகளில் இப்படி நிர்ணயித்த சதவீதம் கிடையாது. அங்கே கேட்க வேண்டியதே கட்டண வித்தியாசம்தான். அந்த ஒரு இடத்தில், மகள் தயாரித்தது போன்ற பட்டியலைக் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும்.